நாலு பேருக்கு எழுபத்தேழு சென்ட்: கழனியைக் கணினியில் கூறுபோடும் வழிமுறை

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் அப்பா விட்டுப்போன கழனி ஒன்று உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்கே பஞ்சாயத்து ரோடு, வடக்கே வாய்க்கால், கிழக்கோரத்தில் கிணறு. மேற்கே வரிசையாகப் பனைமரங்கள். தன் தாத்தா நட்டவை என்று பக்கத்துக் கழனிக்காரரும், உங்கள் தாத்தா நட்டவை என்று நீங்களும் சொல்லிவருகிறீர்கள். ரோட்டுப் பக்கம் சுமார் 62 மீட்டர், உள்வாக்கில் சுமார் 200 மீட்டர். வாய்க்கால் வளைந்து போவதால் வடக்குப் பக்கம் யாரோ கடித்து வைத்த அப்பளம் மாதிரி இருக்கும். பங்குதாரர்கள் நால்வர்: அண்ணன், அக்கா, நீங்கள், தங்கை.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது, "இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு மாமா, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டான். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடும் முறையைத்தான் கீழே தருகிறேன்.

தேவையான பொருட்கள்: மடிக்கணினி ஒன்று, க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் (காசு கிடையாது), புல வரைபட நகல், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, நூறடி டேப், நைலான் கயிறு, சுண்ணாம்பு, டீ போட்டுக் கொடுக்க ஓர் ஆள். இந்தக் கடைசி ஆள் பங்குதாரராகவோ பங்குதாரரின் மனைவியாகவோ இருக்கக் கூடாது. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட அது பாகப்பிரிவினையில் போய் முடியும்.

முதலில் பரப்பு. மென்பொருள் எதையும் நான்கால் வகுத்துவிடும். எதை வகுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துப் பத்திரம் "2 காணி 42 குழி" என்கிறது. செங்கல்பட்டுக் கணக்கில் 24 அடிக்கோலின் சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. பெருக்கிப் பார்த்தால் 3 ஏக்கர் 20 சென்ட், ஒரு சதுர அடிகூடப் பிசகாமல் வரும். சந்தோஷப்படாதீர்கள். பட்டாவில் 1.27.5 என்றிருக்கிறது. ஹெக்டேரும் ஏரும் பேசும் அந்தப் பாஷையை மாற்றினால் 3 ஏக்கர் 15 சென்ட். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய கணக்கு அது. ஊரில் அதை 'யு.டி.ஆர்.' என்பார்கள், பெருமூச்சோடுதான் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பதிவில் அப்பா பெயர் மாறிப்போன குடும்பங்கள் இன்னும் தாலுகா ஆபீஸ் படியேறிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதாக, செயற்கைக்கோள் படத்தின் மேல் வரப்புகளைத் தொட்டுத் தொட்டு நீங்கள் வரையும் உருவம் 3 ஏக்கர் 8 சென்ட் காட்டும். நான்காவதாக, கயிறு பிடித்து அளந்தால் 3 ஏக்கர் 1 சென்ட். பக்கத்துக்காரர் ஆண்டுதோறும் ஒரு மண்வெட்டி அளவு அண்டை கழித்து வந்திருக்கிறார். மண்வெட்டிகள் சேர்ந்து சென்டாகிவிட்டன.

ஆளுக்கு 80 சென்டா, 78.75ஆ, 77ஆ, 75¼ஆ? அண்ணன் பத்திரத்தை ஆதரிப்பார், அக்கா பட்டாவை. நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் கணினியை ஆதரியுங்கள். இனி 3 ஏக்கர் 8 சென்ட், ஆளுக்கு 77 என்றே பேசுவோம். இந்த முடிவுக்கு எந்த நியாயமும் கிடையாது. மௌஸ் உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆயத்தொலைவு அமைப்பு. கற்றுக்குட்டிகள் இதைத் தாண்டிக் குதிப்பார்கள். மென்பொருளைத் திறந்தவுடன் அது அட்சரேகை, தீர்க்கரேகையில்தான் பேசும். அப்படியே தட்டையாகப் பரப்பைக் கணக்கிடச் சொன்னால் உங்கள் கழனி 0.00000104 சதுர டிகிரி என்று அறிவிக்கும். நான்கால் வகுத்து ஆளுக்கு 0.00000026 சதுர டிகிரி என்று பத்திரம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் சார்பதிவாளரின் வழிகாட்டி மதிப்பு சதுர டிகிரியில் இல்லை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் அமைப்பில் கணக்கிட்டால் நல்ல செய்தி கிடைக்கும். அது நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலத்தை ஊதிக்காட்டுவது. கிரீன்லாந்தை ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தோன்றவைத்தது அதுதான். உத்திரமேரூர் பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருப்பதால் இங்கே ஊதல் கொஞ்சம்தான். ஒவ்வொரு ஏக்கருக்கும் ஐந்து சென்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். பத்திரத்துக்கும் கணினிக்கும் இருந்த வித்தியாசம் இதிலேயே தீர்ந்து, அண்ணன் மனம் குளிர்ந்துவிடும். மனச்சாட்சி உள்ளவர்கள் யு.டி.எம். 44 வடக்கு என்ற மண்டலத்தை, அதாவது இ.பி.எஸ்.ஜி. 32644 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். அதிலும் இந்த ஊரில் ஏக்கருக்குப் பதினைந்து சதுர அடி போலக் குறையும். அதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். குடும்பங்களைத் தெரிந்தவன் என்பதால் எழுதவில்லை.

எல்லையைக் கைப்பேசியால் எடுப்பது இன்னொரு வழி. செயலியைத் திறந்துகொண்டு வரப்போரமாக ஒரு சுற்று வந்தால் போதும், உருவம் தானே வந்துவிடும். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும். 200 மீட்டர் நீளமுள்ள பக்கம் நான்கு மீட்டர் தள்ளி விழுந்தால் 800 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 20 சென்ட். தள்ளி விழுவது பனைமரப் பக்கமாக இருந்தால் நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கதை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் புறப்பட்டது. நூறடி எஃகுச் சங்கிலி, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்பதற்குத் திருத்தம், நிழலுக்குக் கூடாரம் என்று அந்த ஒரே கோட்டுக்கு 57 நாள் பிடித்தது. நீங்கள் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். திரையில் 12464.1930847 சதுர மீட்டர் என்று வரும். அந்த ஏழு தசம இடங்களை அண்ணனிடம் காட்டுங்கள். தசமத்துக்கு ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது.

இப்போது மென்பொருள் கேட்கும்: எத்தனை துண்டு? அண்ணன் பின்னாலிருந்து "ரெண்டு" என்பார். மென்பொருளுக்குச் சட்டம் தெரியாது, இரண்டாகவே வெட்டிவிடும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை மட்டும் அது விட்டுவிட்டது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. அதில் மிச்சமிருந்த சந்தேகத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆகவே அம்மா இல்லாத நம் உதாரணத்தில் நாலு. "அக்கா கல்யாணத்துக்கு முப்பது பவுன் போட்டோமே" என்ற குரல் இந்த நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து வரும். பவுனைச் சதுர மீட்டராக மாற்றும் செருகுநிரல் க்யூஜிஐஎஸ்ஸில் இன்றுவரை இல்லை.

பலகோணத்தைச் சம பரப்பாக வெட்டும் செருகுநிரல் உண்டு. 'பாலிகன் டிவைடர்' என்று பெயர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானி ஹக் எழுதியது. துண்டின் பரப்பையும் எந்தப் பக்கமிருந்து வெட்ட வேண்டும் என்பதையும் சொன்னால், கோட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, கேட்ட பரப்பு கிடைக்கும் இடத்தில் நிறுத்தும். கழனி எவ்வளவு கோணலாக இருந்தாலும் கவலையில்லை. எந்தத் திசையைச் சொன்னாலும் அந்தத் திசையில் உருவத்தைச் சரிபாதியாக்கும் கோடு ஒன்று கட்டாயம் உண்டு. கோட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனால் நடுவில் எங்காவது பாதி வந்துதானே ஆக வேண்டும்? உருவங்களைப் பங்கிடுவதற்கென்றே யூக்ளிட் ஒரு நூல் எழுதினார். கிரேக்க மூலம் தொலைந்து, அரபியில் பிழைத்த பகுதிகளைக்கொண்டு ஆர்ச்சிபால்ட் என்பவர் 1915இல் அதை மீட்டமைத்தார். தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு கழனிகளை ஒரே நேர்கோட்டால் ஒரே வெட்டில் பாதியாக்கலாம் என்றும் கணிதத்தில் ஒரு தேற்றம் இருக்கிறது. நஞ்சையும் புஞ்சையும் வைத்திருப்பவர்கள் இதை முயலலாம். கோடு நடுவில் யார் யார் வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போகும் என்பதைத் தேற்றம் கண்டுகொள்வதில்லை.

ஆக, பிரிப்பது ஒரு சொடுக்கு. எந்தப் பக்கமாகப் பிரிப்பது என்பதில்தான் மீதி ஒன்பதே முக்கால் நிமிடமும் போகும், அதோடு இரண்டு தீபாவளியும்.

நெடுக்காக வெட்டினால் ஆளுக்குப் பதினைந்தரை மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம். நாலு பேருக்கும் ரோடு உண்டு, நாலு பேருக்கும் வாய்க்கால் உண்டு. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் திரையில் கோட்டுக்கு அகலம் கிடையாது, கழனியில் வரப்புக்கு இரண்டடி வேண்டும். புதிதாக மூன்று வரப்பு, தலா 200 மீட்டர்: 360 சதுர மீட்டர், ஏறக்குறைய 9 சென்ட் புல் முளைக்கவும் நண்டு வளை போடவும் போய்விடுகிறது. அடுத்த தலைமுறையில் இந்த ரிப்பன் ஒவ்வொன்றும் இரண்டாகும். ஏழே முக்கால் மீட்டரில் டிராக்டர் திரும்புவதற்குள் பக்கத்துப் பங்கில் இரண்டு சால் ஓட்டிவிடும். அப்புறம் கிணறு முழுசாகக் கிழக்குத் துண்டில் விழுகிறது. வாய்க்காலிலிருந்து கழனிக்கு மடை ஒன்றே ஒன்று, அது மேற்குத் துண்டில்.

குறுக்காக வெட்டினால் ஆளுக்கு 62க்கு 50 மீட்டர், உழவுக்கு அருமையான கட்டம். ரோடு ஒருவருக்கு, வாய்க்கால் ஒருவருக்கு, நடுவில் இருவருக்கு வானம். உள்ளே போக மூன்று மீட்டர் வண்டிப்பாதை விட்டால் 150 மீட்டர் நீளத்துக்கு 450 சதுர மீட்டர், 11 சென்ட். அதைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தால் ஆளுக்கு 74 சென்ட் சொச்சம். ரோட்டோரத்தில் இருப்பவர் "எனக்குப் பாதையே தேவையில்லை, நான் எதுக்குக் கழிக்கணும்?" என்பார். அவர் கேட்பது நியாயம். அப்படியானால் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்காலோரத்துக்காரர் கீழே விடாமல் அடைத்தாலும் நியாயம்தான். வடக்கு மேடு, தெற்கு பள்ளம். ஐப்பசி அடைமழையில் தெற்குத் துண்டில் பயிர் அழுகும், மாசியில் அதே துண்டில் தண்ணீர் எட்டாது. அழுகினாலும் காய்ந்தாலும் ரோட்டோரச் சென்ட்தான் விலை போகும், ஏனென்றால் அதை வாங்குபவர் நெல் போடப் போவதில்லை.

பரப்பை விட்டு மதிப்பைச் சமமாக்கலாமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். செய்யலாம். கழனியைப் பத்து மீட்டர் கட்டங்களாக்கினால் சுமார் 125 கட்டம் வரும். ரோட்டுக் கட்டத்துக்கு இத்தனை, மடைக் கட்டத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, மதிப்பெண் சமமாகும்படி வெட்டச் சொல்லலாம். மதிப்பெண் போட நால்வரையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள். கிணற்றுக் கட்டத்துக்கு வந்ததும் எழுந்துவிடுவார்கள். கிணறு என்றால் வெறும் கிணறு இல்லை, பம்பு செட். பம்பு செட் என்றால் அப்பா பெயரில் இருக்கும் இலவச மின் இணைப்பு. அதை வெட்டும் கருவி எந்தப் பட்டியிலும் கிடையாது. பத்திர எழுத்தர்கள் இதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள்: கிணறு பொது, முறை வைத்து இறைத்துக்கொள்வது. நான் பார்த்தவரையில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கடைசிவரை உயிரோடு இருப்பது இந்த ஒரு வரிதான். மடைக்கும் பாதைக்கும் இதே மாதிரி ஆளுக்கொரு வரி எழுதிவிட்டு, நெடுக்கு வெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். கூடிப் பயிர் செய்து விளைச்சலைப் பங்கிடலாமே என்று யாராவது சொன்னால் அவருக்கு இன்னொரு டீ கொடுங்கள்.

துண்டு தயார். எது யாருக்கு? மூத்தவர் கூறுபோட, இளையவர் முதலில் எடுப்பது ஊர் வழக்கம். போலந்துக் கணித மேதை ஸ்டைன்ஹவுஸ் 1940களில் இதே வழியை நான்கு பேர், பத்து பேர் என்று எத்தனை பேருக்கும் நீட்டுவதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆனால் உத்திரமேரூர்க்காரர்களுக்கு போலந்து எதற்கு? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921 ஆண்டுகளுடையது. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, 30 குடும்புகளிலும், அதாவது ஊரின் வட்டாரங்களிலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும் என்று விதி. கையை மூடிக்கொண்டு வாங்கினால் ஓலை மாறிவிடும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. வயிரமேக தடாகம் என்ற இதே ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் அப்படித்தான் அமைந்தது.

கல்வெட்டை முழுக்கப் படிக்க இன்னொரு காரணம் உண்டு. கணக்குக் காட்டாமல் போனவனின் ஓலையைக் குடத்தில் இடக் கூடாது என்கிறது. அவன் மட்டுமில்லை: சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், மாமனார், மைத்துனன், அக்காள் புருஷன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. உங்கள் பாகப்பிரிவினைக்கு யார் யாரைக் கூப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. அப்படியே எழுதி வாசலில் ஒட்டுங்கள்.

வாரியத்தில் நிற்கக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வேலிக்கு ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த ஏக்கர் என்ற பிற்காலக் கணக்கில் கால் வேலி 1 ஏக்கர் 67 சென்ட். அப்பா நின்றிருக்கலாம். வேதமும் பாடியமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகைப்படி பார்த்தாலும் 83 சென்ட் வேண்டும். உங்கள் நால்வரில் யாருக்கும் ஆறு சென்ட் போதாது. துண்டாவதைப் பற்றிச் சோழர்கள் அஞ்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முந்திரி என்றால் 320இல் ஒன்று. கீழ் முந்திரி அதையும் 320ஆக வகுத்ததில் ஒன்று. வேலியில் ஒரு கீழ் முந்திரி மூன்று சதுர அடிகூட வராது. கணக்கெழுத அவர்களுக்கு வாய்பாடு இருந்தது, உங்களுக்குச் செருகுநிரல் இருக்கிறது.

சீட்டெடுக்கும் சிறுவனைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. அண்ணன் பேரன் கூடாது. தங்கை மகனும் கூடாது. தெருவில் கிரிக்கெட் ஆடும் யாராவது ஒருவன் போதும். எடுப்பதற்கு முன் அவனுக்கு யாரும் சாக்லேட் வாங்கித் தரக் கூடாது.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, இ-சேவை மையத்தில் உட்பிரிவுக்கு மனுப் போடுங்கள். நில அளவர் வருவார். உங்கள் மடிக்கணினியை அவரிடம் திறந்து காட்டுவது மரியாதைக் குறைவு. அவர் புல வரைபடத்தைத்தான் பார்ப்பார். அதில் கழனி முக்கோணங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு எழுதியிருக்கும். 1923ஆம் ஆண்டு அளவை, எல்லைச் சட்டம் தெரிந்தது அந்த வரைபடத்தையும் மூலையில் நடும் கல்லையும்தான். நீங்கள் மெனக்கெட்டுச் சண்டை போட்டு முடித்த 3 ஏக்கர் 8 சென்ட் இந்த இடத்தில் செல்லாது. கணக்கு மறுபடி பட்டாவின் 127.5 ஏருக்குத் திரும்பும். நாலால் வகுத்தால் 31.875. பழைய பட்டாக்களை எடுத்துப் பாருங்கள், ஏர் பெரும்பாலும் முழு எண்ணில் நிற்கும், இல்லையென்றால் அரையில் நிற்கும். அந்த வழக்கப்படி எழுதினால் மூன்று பேருக்கு 32 ஏர், ஒருவருக்கு 31.5. குறைவது அரை ஏர், ஒன்றேகால் சென்ட். அந்த ஒருவர் யார் என்பதற்கும் சீட்டுத்தான் போட வேண்டும். பையனை இன்னும் கிரிக்கெட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.